ஆயிரத்தொன்பது கல்

நம் வயசுக்காரர்கள் நாலு பேர் சேர்ந்தால் போதும், உடனே ஆரம்பித்துவிடுகிறீர்கள். அந்தக் காலத்துத் தாராவி மாதிரி வருமா, சாதி பார்த்தோமா, மதம் பார்த்தோமா, ஒரே குடும்பமாக இருந்தோமே என்று. நானும் அங்கேதான் இருந்தேன். அதே சாக்கடை, அதே தோல் நாற்றம், அதே தகரக் கூரைதான் எனக்கும். ஒரே குடும்பமாக இருந்தது உண்மை. குடும்பத்துக்குள் நடக்கிற அயோக்கியத்தனமும் சேர்ந்தே இருந்தது. அதை விட்டுவிட்டு மற்றதை மட்டும் பேசினால் எனக்கு எரிச்சல் வருகிறது.

நான் சொல்ல வந்தது ஒரு எண்ணைப் பற்றி. அறுபதுகளில் ஒரு கோடை விடுமுறை முழுவதும் அந்த எண்ணோடுதான் கிடந்தேன். ஆயிரத்தொன்பது. எனக்கு அப்போது பத்து வயசு இருக்கும். ஆயிரத்துக்கு மேல் எண்ணத் தெரிவதே பெரிய விஷயம்.

எங்கள் சந்தில் எல்லாரும் திருநெல்வேலிப் பக்கம். ஒரே ஒரு வீடு மட்டும் பாய் வீடு. அவரும் நம் பக்கத்துக்காரர்தான், கடையநல்லூர். பெல்ட் செய்கிற சின்னப் பட்டறை வைத்திருந்தார். கீழே பட்டறை, மேலே பலகை போட்ட மாடி, அதில் அவரும் அவர் மகளும். அவளுக்கு அம்மா இல்லை. என் வயசு. மூன்று வேளையில் இரண்டு வேளை எங்கள் வீட்டில்தான் சாப்பிடுவாள். என் அம்மாவை மாமி என்பாள், நான் அவள் அப்பாவைப் பாய் மாமா என்பேன். என் அப்பா அவரை மாப்ள என்பார், அவர் மச்சான் என்பார். இதெல்லாம் வாய்க்கு வந்த முறை. ஆனால் வெறும் வாய் முறை இல்லை.

அந்த வருஷம் அவளுக்கு அம்மை போட்டது. பெரிய அம்மை. முகம், உள்ளங்கை, நாக்கு என்று ஒரு இடம் பாக்கி இல்லை. பாய் மாமா பட்டறையைப் பூட்டிவிட்டு வாசலிலேயே உட்கார்ந்திருந்தார். என் அம்மா மாட்டுங்காவிலிருந்து வேப்பிலை ஒடித்து வந்து அவள் தலைமாட்டில் போட்டாள், எங்கள் அம்மன் கோயில் மஞ்சள் தண்ணியைத் தெளித்தாள். கோயில் என்றால் பெரிதாக நினைக்க வேண்டாம். நாலு கம்பு, மேலே தகரம், கீழே மண் தரை, அதில் ஒரு கல் அம்மன்.

அவள் பிழைத்துக்கொண்டாள். கண் திறந்து கஞ்சி கேட்ட அன்று பாய் மாமா என் அப்பாவிடம் வந்தார். அப்பா கொத்தனார். செம்பூரில் கட்டிக்கொண்டிருந்த வீடுகளுக்குத் தரை போடுகிற வேலை.

"மச்சான், நான் ஒண்ணு நேந்துக்கிட்டேன். பிள்ள முழிச்சா ஒங்க அம்மனுக்குத் தரை போட்டுத் தாரேன்னு. ஆயிரத்தெட்டு லாதி."

லாதி என்றால் பம்பாயில் தரைக்குப் பதிக்கிற சதுரக் கல். அரை அடிக்கு அரை அடி.

"ஒங்காளுவ ஏதும் சொல்ல மாட்டாவளா மாப்ள?"

"நான் கும்பிட வரல. கடன் தீக்க வாரேன். ஆயிரத்தெட்டுதான ஒங்க சாமிக் கணக்கு?"

"கணக்கு சரிதான். ஆனா மொட்டையாக் குடுக்கக் கூடாது. மொய் எழுதுனா நூறா எழுதுதோம்? நூத்தி ஒண்ணுதான எழுதுதோம். ஒண்ணு கூடச் சேத்துக் குடும்."

அடுப்படியிலிருந்து அம்மா சொன்னாள்: "ஆயிரத்தெட்டே அம்மன் கணக்கு. அதுக்கு மேல ஒண்ணு எதுக்கு? மொய்யும் அர்ச்சனையும் ஒண்ணா?"

அப்பா கேட்கவில்லை. கேட்டிருந்தால் எனக்கு இந்தக் கதையே இல்லை. ஆயிரத்தெட்டு எல்லாவற்றுக்கும் வளைந்து கொடுக்கிற எண். இரண்டு, மூன்று, நாலு, ஆறு, ஏழு, எட்டு, ஒன்பது, எதால் வேண்டுமானாலும் பிரிக்கலாம். அதோடு ஒன்றைச் சேர்த்தால் வருவது எதற்கும் வளையாதது. இது அப்பாவுக்குத் தெரியாது. யாருக்கும் தெரியாது.

குர்லாவில் ஒரு லாதிப் பட்டறையிலிருந்து கைவண்டியில் கல் வந்தது. பாதி சாம்பல் நிறம், பாதி செங்காவி. வைக்கோலைப் பிரித்து எடுக்கும்போது சில்லென்று இருக்கும், சிமெண்ட் வாசனை அடிக்கும். வைகாசிக் கடைசியில் கொடை, அம்மனுக்கு வருஷத் திருவிழா. அதற்குப் பின்னாலேயே மழை வந்துவிடும். அதற்குள் தரை போட்டாக வேண்டும். அப்பா முதலில் சிமெண்ட் இல்லாமல் சும்மா அடுக்கிப் பார்த்தார். அகலத்துக்கு இருபத்தெட்டு, நீளத்துக்கு முப்பத்தாறு. அழகாக உட்கார்ந்தது. ஒரு கல் மிச்சம்.

அந்த ஒன்றை மூலையில் சாத்தி வைத்தார். அன்று வெள்ளிக்கிழமை. பூசையில் சாமியாடிக்கு அருள் வந்தது. சாமியாடி யார் என்றால் எங்கள் சந்துக்கு ஊர்த் தலைவராக இருந்தவரின் தம்பி. ஆடிக்கொண்டே வந்து அந்த மூலைக் கல்லுக்கு முன்னால் நின்றார்.

"எனக்கு வந்ததுல ஒண்ணு மிஞ்சப்படாது. ஒண்ணு உடையப்படாது. கோணல் மாணலா இருந்தா நான் நிக்க மாட்டேன்."

ஆயிற்று. மிஞ்சக் கூடாது, உடைக்கக் கூடாது, கோணல் கூடாது.

அப்பா கல்லைப் பெயர்த்துப் பெயர்த்து அடுக்கினார். கோயிலுக்குச் சுவர் கிடையாது, கம்பைத் தள்ளி நட்டுக்கொள்ளலாம், அளவு எதுவாக இருந்தாலும் சரி. ஆனாலும் வரவில்லை. இருபத்து நாலு வரிசை, ஒன்று மிச்சம். இருபத்தொன்று, ஒன்று மிச்சம். இருபத்து மூன்று வைத்தால் இருபது மிச்சம். வேலைக்குப் போய்விட்டு வந்து சாயங்காலம் முழுக்க முட்டி போட்டு அடுக்குவார். தரைக்காரனுக்குத் தரை வரவில்லை என்று சந்தில் பேச ஆரம்பித்தார்கள். ஒருவன் அவர் காதுபடவே கேட்டான்: "கொத்தனாரு ரெண்டு கல்ல வீட்டுக்கு எடுத்துட்டுப் போயிட்டாரோ?"

அப்பா அன்று சாப்பிடவில்லை.

நானும் பாய் மாமா மகளும் இதைக் கையில் எடுத்துக்கொண்டது அதனால்தான். கல் கனம், எங்களால் முடியாது. பாய் மாமா பட்டறையில் பெல்ட்டுக்கு ஓட்டை போடுவார்கள். குழாய் மாதிரி ஒரு இரும்பு உளியை வைத்துச் சுத்தியலால் ஒரு தட்டு தட்டினால் தோலில் வட்டமாக ஓட்டை விழும், உளிக்குள்ளிருந்து ஒரு தோல் பொட்டு உதிரும். நெற்றிப் பொட்டு அளவுதான். கறுப்பு, பழுப்பு, சிவப்பு. பட்டறைத் தரை முழுக்க அதுதான். பொறுக்கி ஒரு பிஸ்கட் டப்பாவில் சேர்த்தோம். ஆயிரத்தொன்பது. எண்ணி முடிக்கவே ஒரு பகல் ஆனது. கையெல்லாம் தோலும் பசையும் கலந்த வாடை.

மாடிப் பலகையில் கவிழ்ந்து படுத்துக்கொண்டு அடுக்குவோம். அம்மைத் தழும்பு ஆறாத முகம் அவளுக்கு. வெளியே போனால் பிள்ளைகள் கேலி செய்வார்கள் என்று அவள் இறங்கவே மாட்டாள். அந்த விடுமுறையில் அவளுக்கு ஆள் நான்தான், எனக்கு அவள்தான்.

இரண்டு இரண்டாக, ஒன்று மிச்சம். மூன்று மூன்றாக, ஒன்று. நாலு, ஒன்று. ஐந்தில் நாலு மிஞ்சியது. ஆறு, ஏழு, எட்டு, ஒன்பது, எல்லாவற்றிலும் ஒன்றே ஒன்று.

"பாத்தியாட்டி, கிளாஸ்ல பெஞ்சு மேல ஏத்தி விட்ட மாதிரி தனியா நிக்கி. ஒன்ன மாதிரியே" என்றாள்.

"நீ ஏறுனதே இல்லையாக்கும்?"

"நான் ஏறுனா எங்கூட இன்னொருத்தியும் ஏறுவா. நீதான தனியா ஏறுவ."

கதவிலிருந்து காற்று வந்தால் பொட்டு பறக்கும். மூச்சைப் பிடித்துக்கொண்டு அடுக்குவோம். ஒன்று தொலைந்தால் ஆயிரத்தெட்டாகிவிடும், எல்லாம் சரியாக வந்துவிடும், நாங்கள் ஏமாந்துவிடுவோம். அதனால் ஒவ்வொரு தடவையும் முதலிலிருந்து எண்ணுவோம். பதினொன்று, பதின்மூன்று இரண்டிலும் எட்டு மிச்சம். பதினேழில் ஆறு. பத்தொன்பதில் இரண்டே இரண்டுதான். கிட்டே வந்துவிட்டது என்று நினைத்தோம். இருபத்தொன்பதில் இருபத்து மூன்று மிஞ்சி முகத்தில் அடித்தது.

முப்பத்தொன்றுக்கு மேல் போனபோது அவள் கையை எடுத்துவிட்டாள்.

"இனி வேண்டாம்ட்டி. பழசே திரும்ப வருது."

"எப்படி?"

"முப்பத்தாறு வரிசை வச்சா, வரிசைக்கு இருபத்தெட்டுதான் வரும். இருபத்தெட்டு வரிசை நேத்தே பாத்தாச்சுல்லா? பலகையத் திருப்பி வச்சுப் பாக்குத மாதிரிதான். இதுக்கு மேல எதுவும் புதுசா இல்ல. இத அடுக்க முடியாது. யாராலயும் முடியாது."

அந்த நிமிஷம் எனக்கு இன்னும் ஞாபகம் இருக்கிறது. முடியாது என்று ஒரு விஷயம் நிச்சயமாகத் தெரிவதில் அப்படி ஒரு சந்தோஷம் இருக்கும் என்று நான் நினைத்ததே இல்லை. எங்களால் முடியவில்லை என்பது வேறு, யாராலும் முடியாது என்பது வேறு. இரண்டாவதைக் கண்டுபிடித்தவள் அவள். இரண்டு வகுப்பு தள்ளி எங்கள் முனிசிபல் பள்ளிக்கூடத்தில் இதற்குப் பகா எண் என்று பெயர் சொன்னார்கள். பெயர் மட்டும்தான் எனக்குப் புதுசு.

அப்பாவிடம் ஓடிப் போய்ச் சொன்னோம். அவர் நம்பவில்லை. தரையில் உட்காரவைத்துப் பொட்டுகளை அடுக்கிக் காட்டினோம். பார்த்துக்கொண்டே இருந்தார். அப்புறம் இரண்டு கையையும் விரித்துப் பார்த்துக்கொண்டார். "அப்ப என் கையில குத்தம் இல்ல" என்றார்.

அதைத் தலைவரிடம் போய்ச் சொன்னார். தலைவர் வெற்றிலையைத் துப்பிவிட்டு ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார்.

"அடுக்க வராதுன்னா கல்லத் திருப்பி அனுப்பிரும் வே."

பாய் மாமா காதுக்கு அது போனது. அவர் சத்தம் போடவில்லை. மறுநாள் அம்மாவிடம் சொன்னார்: "கல்லு திரும்புச்சுன்னா நானும் திரும்பிருவேன் அக்கா. குர்லாவுல ஒரு இடம் பாத்து வச்சிருக்கேன். எம் பிள்ளைக்காக நேந்தத வேண்டாம்னு சொன்ன எடத்துல எம் பிள்ளைய எப்பிடி வளப்பேன்?"

நாங்கள் இருவரும் பக்கத்திலேயே நின்று கேட்டுக்கொண்டிருந்தோம். அவள் என் பாவாடையைப் பிடித்துக்கொண்டாள். கல் நின்றால் அவள் இருப்பாள். கல் போனால் அவள் போவாள். அவ்வளவுதான் எங்களுக்குப் புரிந்தது. அந்த எண்ணை எப்படியாவது வழிக்குக் கொண்டுவர வேண்டும்.

அன்று சாப்பிடும்போது அப்பா பேச்சுவாக்கில் ஒன்று சொன்னார். ஊரில் கோயில் ஒரே தரை இல்லையாம். உள்ளே சாமி நிற்கிற இடம் ஒரு சதுரம், முன்னால் ஆள் நிற்கிற இடம் ஒரு சதுரமாம். "இங்க தகரத்துக்கு அடியில எல்லாத்தையும் ஒண்ணாப் போட்டுக் கெடக்கு" என்றார்.

நாங்கள் ஒருத்தி முகத்தை ஒருத்தி பார்த்தோம். சோற்றை அப்படியே வைத்துவிட்டு மாடிக்கு ஓடினோம்.

பெரிய சதுரம் எவ்வளவு பெரிதாகப் போகும் என்று பார்த்தோம். முப்பத்தொன்றுக்கு முப்பத்தொன்று. மிச்சம் நாற்பத்தெட்டு. ஏழுக்கு ஏழு வைக்க நாற்பத்தொன்பது வேண்டும். ஒன்று குறைகிறது. இத்தனை நாள் ஒன்று கூடக் கிடந்தது, இப்போது ஒன்று குறைவு. அவள் தலையில் அடித்துக்கொண்டாள். முப்பதுக்கு முப்பது வைத்தால் மிச்சம் நூற்றொன்பது, எதற்கும் ஆகவில்லை. இருபத்தொன்பதுக்கு இருபத்தொன்பது. மிச்சம் நூற்று அறுபத்தெட்டு. பதின்மூன்றுக்குப் பதின்மூன்று நூற்று அறுபத்தொன்பது. மறுபடியும் ஒன்று குறைவு.

"இது வேணும்னே பண்ணுதுட்டி" என்றாள். "நம்மளப் பாத்து இளிக்கி."

இருபத்தெட்டுக்கு இருபத்தெட்டு வைத்தோம். மிஞ்சியதை ஒரு வரிசைக்குப் பதினைந்தாக வைத்துக்கொண்டே வந்தோம். பதின்மூன்றாவது வரிசை, பதினாலாவது வரிசை. டப்பாவில் கொஞ்சம்தான் இருந்தது. பதினைந்தாவது வரிசையில் கடைசிப் பொட்டை அவள் வைத்தாள். டப்பாவைக் கவிழ்த்துத் தட்டினேன். ஒன்றும் விழவில்லை.

காற்று வந்துவிடக் கூடாதே என்று கதவைச் சாத்தினோம்.

ஞாயிற்றுக்கிழமை அப்பா கல்லை அப்படி அடுக்கினார். பதினாலு அடிச் சதுரம் ஒன்று, அதன் தலைமாட்டில் ஏழரை அடிச் சதுரம் ஒன்று. மிச்சம் இல்லை, உடையவில்லை, கோணல் இல்லை. அப்பா சொன்னார்: "அளவெடுத்துக் கொண்டாந்த மாதிரி இருக்கு." பாய் மாமா செருப்பைக் கழற்றிவிட்டுத் தள்ளி நின்று பார்த்தார். அவர் மகள் அம்மைக்கு அப்புறம் அன்றுதான் சந்தில் இறங்கினாள்.

தலைவரும் தம்பியும் வந்தார்கள். சுற்றி வந்தார்கள். தலைவர் குனிந்து எண்ணக்கூடச் செய்தார்.

"சின்னச் சதுரம் எதுக்கு?"

"அதுல அம்மன வைக்கோம்" என்றார் அப்பா.

தலைவர் தம்பியைப் பார்த்தார். தம்பிக்கு அன்று அருள் எதுவும் வரவில்லை. சாதாரணமாகவே சொன்னார்: "பாய் குடுத்த கல்லு மேல நம்ம அம்மன எப்பிடி வே வைக்க?"

அப்பாவுக்கு முதலில் புரியவில்லை. எனக்கும் புரியவில்லை. கணக்கு சரியாகத்தானே வந்திருக்கிறது, இன்னும் என்ன என்று நினைத்தேன். பத்து வயசுக் கழுதைக்கு அவ்வளவுதான் தெரியும்.

"இத மொதல்லயே சொல்லியிருக்கலாமே" என்றார் அப்பா. "ஒரே தரையாப் போட்டிருந்தாலும் அம்மன் இந்தக் கல்லு மேலதான நின்னிருக்கும்? அப்பயும் வேண்டாம்னுதான் சொல்லியிருப்பீரு. அதுக்குத்தான் மிஞ்சக் கூடாது, உடையக் கூடாதுன்னு ஆடுனீரா?"

"வாய அடக்கும் வே. சாமி சொன்னத..." என்று ஆரம்பித்தார் தம்பி.

"சாமி சொன்னதத்தான் ரெண்டு பிள்ளைய செஞ்சு காட்டிட்டாளுவளே. இப்பச் சொல்லுதது யாரு, சாமியா நீரா?"

தலைவர் கொடைச் சாப்பாட்டுக்குப் பாய் மாமாவிடம் வருஷா வருஷம் அரிசி வாங்கியவர். அவரும் நல்லவர்தான், ஏதோ பழக்கம், காலம் அப்படி என்று இன்றைக்கு யாராவது என்னிடம் சொன்னால் நான் எழுந்து போய்விடுவேன். காலம் அப்படி என்றால் அந்தக் காலத்தில்தான் என் அப்பாவும் இருந்தார்.

பாய் மாமா முன்னால் வந்தார். "மச்சான், விடும். நேந்தது நேந்ததுதான். அம்மன் பேரச் சொல்லிக் குடுத்த கல்ல நான் வீட்டுக்கும் கொண்டு போக முடியாது. குழாயடியில போட்டுரும்."

நம் குழாயடியை மறந்திருக்க மாட்டீர்கள். எந்நேரமும் சேறு. என் அம்மா குடத்தோடு விழுந்து இடுப்பைப் பிடித்துக்கொண்டு கிடந்தது அங்கேதான். அப்பா அதே இரண்டு சதுரத்தைச் சிமெண்ட் வைத்துப் போட்டார். குழாயைச் சுற்றி ஆள் நிற்கப் பெரியது, பாத்திரம் தேய்க்கச் சின்னது. மிச்சம் ஒன்றும் இல்லை. நீங்கள் எல்லாரும் அதில் நின்று தண்ணீர் பிடித்தவர்கள்தான். சதுரம் ஏன் இரண்டு என்று ஒருவரும் கேட்கவில்லை.

கொடை அன்று கும்பத்துக்குத் தண்ணீர் வேண்டும். சந்துக்கு வேறு குழாய் ஏது? மேளத்தோடு வந்தார்கள். சாமியாடி ஈர வேட்டியோடு சின்னச் சதுரத்தின் நடுவில் நின்றார். கும்பத்தை அந்தக் கல்லில் வைத்து நிரப்பினார்கள், பூ சுற்றினார்கள், விழுந்து கும்பிட்டார்கள். கூட்டத்தில் வாயே திறக்காத என் அம்மா பக்கத்தில் நின்றவளிடம் சொன்னாள், எல்லாருக்கும் கேட்கிற மாதிரி: "கல்லு ஆரு குடுத்ததுன்னு தண்ணிக்குத் தெரியல போல."

இரண்டு பெண்கள் சிரித்தார்கள். தலைவர் மேளத்தை வேகமாக அடிக்கச் சொன்னார்.

அதனால் எதுவும் மாறிவிடவில்லை. முதல் மழை விழுவதற்குள் பாய் மாமா பட்டறையைக் காலி செய்தார்.

அந்த எண்ணை நான் விடவில்லை. பெரியவளாகிச் செம்பூரில் ஒரு மருந்து பாக்கிங் கம்பெனியில் வேலை பார்த்தபோது, பழைய காலண்டர் தாளின் பின்பக்கத்தில் வகுத்துப் பார்த்துக்கொண்டே இருப்பேன். ஆயிரத்தொன்பதைத் திருப்பிப் போட்டால் ஒன்பதாயிரத்தொன்று. அதையும் உடைத்துப் பார்த்தேன், உடையவில்லை. பகா எண்ணில் நாலால் வகுத்தால் ஒன்று மிஞ்சுகிறவை இரண்டு சதுரமாகின்றன. ஐந்து ஆகிறது, பதின்மூன்று ஆகிறது, பதினேழு ஆகிறது. மூன்று மிஞ்சுகிறவை ஆவதே இல்லை. ஏழை வைத்துப் பாருங்கள், பதினொன்றை வைத்துப் பாருங்கள், தலைகீழாக நின்றாலும் வராது. ஆகிறவையும் ஒரே ஒரு விதத்தில்தான் ஆகின்றன. ஆயிரத்தொன்பதுக்கு இருபத்தெட்டும் பதினைந்தும் மட்டும்தான், வேறு வழி கிடையாது. ஏன் என்று எனக்குத் தெரியாது. என் தம்பி பேத்தி கல்லூரியில் கணக்குப் படிக்கிறாள். அதற்கு நிரூபணம் இருக்கிறது, ரொம்பப் பழசு என்றாள். பக்கம் பக்கமாக நீளுகிற பகா எண்களை இப்போது மெஷின் கண்டுபிடிக்கிறதாம். இருக்கட்டும். அந்த மெஷினுக்குக் கையில் தோல் வாடை அடித்திருக்குமா?

அவள் கிளம்பிய அன்றைக்கு வருகிறேன். கைவண்டியில் உளி, சுத்தியல், தோல் சுருள், ஒரு டிரங்குப் பெட்டி. பிஸ்கட் டப்பாவை எடுத்துக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வந்தாள்.

"ஆளுக்குப் பாதி" என்றாள்.

தரையில் கொட்டினோம். உனக்கு ஒன்று, எனக்கு ஒன்று என்று பிரித்துக்கொண்டே வந்தோம். எப்படி முடியும் என்று இருவருக்கும் தெரியும். தெரிந்தும் அவசரப்படாமல்தான் பிரித்தோம். ஆளுக்கு ஐந்நூற்று நாலு. நடுவில் ஒரு சிவப்புப் பொட்டு.

"உடைக்கப்படாது" என்றாள் சாமியாடி குரலில். இருவரும் சிரித்தோம். அப்புறம் சிரிப்பு நின்றுவிட்டது.

அவள் அதை எடுத்துப் பாவாடை முடிச்சில் கட்டிக்கொண்டாள். "இத நான் வச்சிருக்கேன். குர்லா என்ன தூரமா, சயானுக்கு அடுத்த ஸ்டேஷன்தான. வரும்போது கொண்டு வந்து தாரேன். அடுத்த தடவ நீ வச்சுக்க."

வாசலில் பாய் மாமா கூப்பிட்டார். போய்விட்டாள்.

அந்த மழைக்கு ரயில் நின்றது. அப்புறம் பள்ளிக்கூடம் திறந்தது. அடுத்த கோடையில் அப்பா குர்லாவுக்குப் போய்ப் பார்த்தார். பட்டறையில் வேறு ஆட்கள் இருந்தார்கள். எங்கே போனார்கள் என்று யாருக்கும் சரியாகத் தெரியவில்லை.

குழாயடிக் கல்லை எப்போதோ கான்கிரீட் போட்டு மூடிவிட்டார்கள். செம்பூருக்கு வீடு மாறும்போது என் பங்குப் பொட்டுகளும் எங்கேயோ போய்விட்டன. போகட்டும். அவை இரட்டைப்படை, எப்படி வேண்டுமானாலும் பிரியும். பிரியாத ஒன்று அவளிடம் இருக்கிறது. அதை அவள் இன்னும் கொண்டுவரவில்லை.